சுயபராமரிப்பு (மனநலம்)

ஒருவர் தம் மனநலத்தைக் காக்க அன்றாடம் தாமே மேற்கொள்ளும் செயல்கள். போதிய உறக்கம், வேளைக்கு உணவு, உடற்பயிற்சி, நெருங்கியவர்களிடம் மனம்விட்டுப் பேசுதல் ஆகியன இதன் அடிப்படைகள்.

சென்னையில்: டி.கே.வி. தேசிகாச்சார் 1976இல் தொடங்கிய கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரம், ஒவ்வொருவரின் உடல்நிலைக்கும் ஏற்ப ஆசனத்தையும் மூச்சுப்பயிற்சியையும் தனித்தனியே கற்பிக்கிறது. மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986இல் நிறுவிய சிநேகா அமைப்பில், தற்கொலை எண்ணத்தால் தவிப்போருக்குத் தன்னார்வலர்கள் பொறுமையாகச் செவிகொடுக்கின்றனர்.

வரம்பு: சுயபராமரிப்பு சிகிச்சைக்கு மாற்றல்ல. மனச்சோர்வோ உறக்கமின்மையோ இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரை அணுக வேண்டும். தற்கொலை எண்ணம் எழுந்தால் சற்றும் தாமதிக்கலாகாது. இந்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவிச் சேவையை 14416 எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம். உதவி கேட்பது பலவீனமன்று. அதுவே சுயபராமரிப்பின் முதன்மையான செயல்.