பினாங்கு ஆளுநரும் விண்மீன் ஒளியளவும்

பினாங்கில் 1812 முதல் 1816 வரை ஆளுநராயிருந்து, அங்கேயே காலமான வில்லியம் பெட்ரி வானநூல் ஆர்வலரும் ஆவார். கிழக்கிந்தியக் கம்பெனிப் பணியில் சென்னையில் இருந்தபோது, 1786-இல், எழும்பூரில் தம் இல்லத்திலேயே வானாய்வுக்கூடம் ஒன்றை அமைத்தார். பின்னர் அதன் கருவிகளைக் கம்பெனிக்கு அளித்தார். 1792-இல் நுங்கம்பாக்கத்தில் எழுந்த சென்னை வானாய்வுக்கூடத்துக்கு அவையே வித்தாயின. அங்கு நிறுவப்பெற்ற கருங்கல் தூணில் தமிழிலும் எழுத்துப் பொறிப்பு உண்டு.

அக்கூடத்துக்கு 1861-இல் தலைவராக வந்த நார்மன் போக்சன், அதற்கு முன்பே விண்மீன் ஒளிக்குக் கணக்கு வகுத்தவர். விண்மீன்களை ஆறு தரமாகப் பகுத்தல் கிரேக்கர் வழக்கு. அது வெறும் கண்மதிப்பே. ஐந்து தர வேறுபாடு நூறு மடங்கு ஒளி வேறுபாடு, ஆகவே ஒரு தரத்துக்கு 2.512 மடங்கு என்னும் விகிதத்தைப் போக்சன் 1856-இல் முன்வைத்தார். சென்னையில் அவர்க்குத் துணையாயிருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார்.

கன்னிராசித் திசையில், சுமார் 5.4 கோடி ஒளியாண்டுத் தொலைவில், விண்மீன் மண்டலங்களின் பெருங்கூட்டம் ஒன்று உளது. அவற்றின் ஒளியை இன்று அளப்போரும் போக்சன் விகிதத்தையே கொள்கின்றனர். மண்டலம் விண்மீன்போல் புள்ளியன்று, பரந்த ஒளி. ஆதலின் அதன் பரப்பு முழுவதன் ஒளியையும் கூட்டி, பின்னணி வானின் ஒளியைக் கழித்தல் வேண்டும். கூட்டத்து மண்டலங்கள் ஏறத்தாழ ஒரே தொலைவின. எனவே தோற்ற ஒளியின் ஏற்றத்தாழ்வே உண்மை ஒளியின் ஏற்றத்தாழ்வைக் காட்டும்.

போக்சன் பெயர் அவ்விகிதத்தில் நிலைத்துவிட்டது. ரகுநாதாச்சாரியின் பெயரைத் தமிழ் வகுப்பறையேனும் மறத்தல் தகாது.