இறுதிச்சடங்கு கண்ட ஆறு

வேலைக்கு ஸ்காபரோவிலிருந்து ரொறன்ரோ நகர மையத்துக்குக் காரில் போகும் நம்மவர்களைப்போல நானும் டொன் ஆற்றை ஒட்டித்தான் போகிறேன். அந்த ஆற்றுக்கு 1969 நவம்பரில் ஒரு சவ ஊர்வலம் நடந்தது. ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் உருவான ‘பொலூஷன் புரோப்’ அமைப்பினர் சவவண்டியோடு வளாகத்திலிருந்து கரைவரை சென்று, ஆறு இறந்துவிட்டதென அறிவித்தார்கள்.

கொலை மெதுவாகத்தான் நடந்தது. 1880களில் கீழ்ப்பகுதியை நேராக வெட்டினார்கள். பிறகு கழிமுகச் சதுப்பைத் தூர்த்து, ஆற்றைச் செங்கோணத்தில் ஒரு வாய்க்காலுக்குள் திருப்பினார்கள். ஆலைக்கழிவும் சாக்கடையும் சேர்ந்துகொண்டன.

1989இல் நகரசபை ஒரு குடிமக்கள் குழுவை அமைத்தது. குழுவினர் மரம் நட்டார்கள். கழிமுகத்தைச் சதுப்போடு மீட்கலாமென 1991இல் அறிக்கை தந்தார்கள். பெருந்தொகை வந்தது 2017இல்தான்: மூன்று அரசுகளும் சேர்ந்து ஏறத்தாழ 125 கோடி டொலர். காரணம் ஆற்றின்மேல் அன்பு மட்டுமல்ல. வெள்ள அபாயம் நீங்கினால்தான் துறைமுக நிலத்தில் வீடு கட்டலாம். ஆனால் காசு வந்தபோது யோசனை தயாராக இருந்தது. 2024இல் ஒரு கிலோமீட்டர் நீளப் புதிய வளைந்த பாதையில் ஆறு ஏரியைச் சேர்ந்தது.

கூட்டம் கூடி என்ன ஆகப்போகிறது என்று நம் சங்கங்களில் கேட்பவர்களுக்கு என் பதில் இந்த 55 ஆண்டுகள்.