ஆர்.சி. புத்தகத்தில் இல்லாத கார்

மயிலாப்பூர் முண்டகக்கண்ணி அம்மன் கோயிலுக்குப் பக்கத்துச் சந்தில், மாமா வீட்டுப் பின்கட்டில், தார்ப்பாய்க்கு அடியில் ஒரு கார் நிற்கிறது. ஆர்.சி. புத்தகத்தின்படி அது 1966-ஆம் வருஷத்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு. தார்ப்பாயை விலக்கினால் ஹெரால்டைக் காணோம். கூரை இல்லை, கதவு இல்லை, இரண்டே இருக்கை, நீண்ட மூக்கு. அலுமினியத் தகட்டைச் சுத்தியலால் தட்டித் தட்டி வளைத்த பாடி. எழுபதுகளின் நடுவில் மாமாவும் ஒரு டிங்கரும் ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டியது. மாமா போன வருஷம் காலமாகிவிட்டார். அவர் பையன் இப்போது என்னிடம் கேட்கிறான்: "அண்ணா, இத கழட்டிட்டு பழையபடி ஹெரால்டாவே ஆக்கிடலாம்னு பாக்கறேன். என்ன சொல்ற?"

அவன் கேட்பது விலை சம்பந்தப்பட்ட கேள்வி. எனக்கு அது சரித்திரம் சம்பந்தப்பட்டதாகவும் தெரிகிறது.

ஹெரால்டே ஒருவகையில் பெட்டியில் வந்த கார்தான். 1953-ல் பிரிட்டனின் ஃபிஷர் அண்ட் லட்லோ என்ற பாடி கம்பெனியை பி.எம்.சி. வாங்கிவிட்டது. அதுவரை அங்கே பாடி செய்துகொண்டிருந்த ஸ்டாண்டர்டு நிறுவனம், போட்டிக்காரனிடம் கையேந்தும் நிலைக்கு வந்தது. அதனால் அடுத்த காரைத் துண்டு துண்டாக வடிவமைத்தார்கள். தனிச் சேஸிஸ், அதன்மேல் போல்ட் போட்டு முடுக்கும் பாடிப் பகுதிகள். ஒவ்வொரு துண்டையும் ஒவ்வொரு இடத்தில் செய்துகொள்ளலாம். வெளிநாட்டுக்குப் பெட்டியில் அனுப்பி அங்கே பூட்டவும் சௌகரியம். இத்தாலிய வடிவமைப்பாளர் மிக்கெலோட்டி வரைந்த அந்தக் கார் 1959-ல் அங்கே வந்தது. 1961-ல் நம் வண்டலூர் தொழிற்சாலையிலும் தயாராக ஆரம்பித்தது. 948 சி.சி. எஞ்சின்தான், ஆனால் 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். மாட வீதியில் ஓட்டிப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். பின்னாளில் இங்கே நான்கு கதவு ஹெரால்டு கூட வந்தது. பிரிட்டனில் அப்படி ஒன்று வந்ததே இல்லை.

போல்ட்டுகளைக் கழற்றினால் பாடி கையோடு வந்துவிடும் கார். பிறகு கிட் கார்க்காரர்கள் சும்மா இருப்பார்களா? பிரிட்டனில் துருப்பிடித்த ஹெரால்டுகளின் சேஸிஸ்மேல் பழைய எம்.ஜி. மாதிரி பாடிகளை ஏற்றினார்கள். ஜென்ட்ரி, ஸ்பார்ட்டன் எல்லாம் அப்படி வந்தவைதான். அங்கே கிட் கார் வளர்ந்ததற்கு வரியும் காரணம். முழுக் காருக்கு விற்பனை வரி உண்டு, பாகங்களாக வாங்கி வீட்டில் பூட்டினால் கிடையாது. பூட்டும் முறையை எழுதிக் கொடுக்கக்கூடாது என்று சட்டம் இருந்ததால், 1957-ல் வந்த லோட்டஸ் செவனோடு கழற்றும் முறையை எழுதிக் கொடுத்து, தலைகீழாகப் படித்துக்கொள்ளச் சொன்னார்கள் என்று ஒரு கதை உண்டு. 1973-ல் வாட் வரி வந்ததும் அந்தச் சலுகை போயிற்று. செவன் இன்று சேகரிப்பாளர்கள் தேடும் கார். ஜென்ட்ரிக்கு அந்த மவுசு கிடையாது. செவனுக்கு லோட்டஸ் என்ற பெயர் இருந்தது, பந்தயக் கதை இருந்தது.

இங்கே கிட் விற்க யாரும் இல்லை. ஆசைப்பட்டவன் தானே கட்டிக்கொள்ள வேண்டியதுதான். அந்த ஆசையைக் கிளப்பியது சோழவரம். உலகப்போர்க் காலத்து விமானதளம் அது. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயம் நடத்தியது. ஃபியட், ஹெரால்டு சாமான்களை வைத்து வீட்டிலும் பட்டறையிலும் கட்டிய 'ஸ்பெஷல்' வண்டிகள் வெள்ளைக்காரன் விட்டுப்போன ஓடுதளத்தில் சீறிக்கொண்டு போகும். மாமா பந்தயத்தில் ஓட்டியதில்லை. வேலியோரம் நின்று பார்த்துவிட்டு வந்து நோட்டில் படம் போடுவார், அவ்வளவுதான்.

கோயம்புத்தூர் கரிவரதன் கதை வேறு. மாருதி 800 எஞ்சினை வைத்துக் கட்டுப்படியாகும் விலையில் ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்கள் செய்தார். அந்த ஃபார்முலா மாருதியில் ஓட்டியவர்களில் நரேன் கார்த்திகேயனும் ஒருவர். கரிவரதன் 1995-ல் விமான விபத்தில் இறந்தார். கோவை ரேஸ் டிராக் அவர் பெயரில் இருக்கிறது. அந்தக் கார்களை ஒருநாள் தேடி வாங்குவார்கள் என்றே நினைக்கிறேன். யார் ஓட்டினார்கள் என்ற கதை கூடவே வரும், அவற்றுக்கு ஆர்.டி.ஓ. தயவும் வேண்டாம்.

ரோட்டில் ஓடும் வண்டிக்கு அந்தத் தயவு வேண்டும். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளர் கொடுத்த வடிவத்திலிருந்து வண்டியை மாற்றக்கூடாது என்றது. 2021-ல் வந்த விண்டேஜ் விதி ஐம்பது வருஷம் தாண்டிய வண்டிகளுக்கு 'வி.ஏ.' என்று தனி வரிசை கொடுத்தது. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். ஆனால் சேஸிஸ், பாடி, எஞ்சின் மூன்றும் பெரிய மாற்றமில்லாமல் அசலாக இருக்கவேண்டும். மாமாவின் காரில் சேஸிஸ் அசல், எஞ்சின் அசல். பாடிதான் சட்டத்தின் கண்ணுக்குத் தெரியாத பாடி.

கம்பெனியே செய்து விற்ற சான் ஸ்டோர்மின் நிலை இதைவிடத் தேவலை. ஃபைபர் பாடி, 1149 சி.சி. ரெனோ எஞ்சின், இரண்டு இருக்கை. ஆர்.சி.யில் இருக்கும் பெயர்தான் காரிலும் இருக்கும். லோட்டஸ் செவன் சாயலில் வந்த சிங்காராவுக்கும் இது பொருந்தும். ஐம்பது வருஷம் ஆகட்டும், வாங்க ஆள் இருக்கும். பெரிய விலை போகுமா என்றால், எனக்கு நம்பிக்கை இல்லை.

மாமா பையன் சொல்வதிலும் நியாயம் உண்டு. 1983 கடைசியில் மாருதி வந்த பிறகு ஹெரால்டுகளை மதிக்க ஆளில்லை. எத்தனையோ வண்டிகள் புதுப்பேட்டையில் எடைக்குப் போயின. எடைக்குப் போன அதே காரை இன்று பாலிஷ் போட்டு ராலிக்குக் கொண்டு வருகிறார்கள். மாமாவும் ஒரு நல்ல ஹெரால்டைப் பிரித்துத்தான் இதைக் கட்டினார். "அப்பா ஒரு கிளாசிக்க கெடுத்து வச்சிருக்கார்ணா" என்றபோது எனக்குப் பதில் வரவில்லை.

இரண்டு நாள் கழித்துத்தான் சொன்னேன். ஹெரால்டுக்கு அசல் எது என்று கேட்டாலੇ வண்டலூர் ஞாபகம் வரும், பார்த்து ஒப்பிட ஆயிரம் வண்டி உண்டு. இதற்கு அசல் மாமாவின் நோட்டு மட்டும்தான். இடது மட்கார்டு வலதைவிட அரை இஞ்ச் ஏறியிருப்பது உட்பட எல்லாமே அசல். ஹெரால்டு ஆக்கினால் இன்னொரு ஹெரால்டு கிடைக்கும், விற்கலாம். விற்காமல் வைத்திருப்பதானால் நோட்டையும் பழைய போட்டோக்களையும் அந்த டிங்கர் ஞாபகம் வைத்திருப்பதையும் முதலில் சேர்த்து வை. அவருக்கு இப்போது எண்பது வயசு, மந்தைவெளியில்தான் இருக்கிறார்.

"ரோட்ல எடுக்க முடியாதேண்ணா."

"முடியாதுதான்."

புதுப்பேட்டையில் அவன் ஏற்கெனவே ஒரு ஹெரால்டு பானட் வாங்கிவிட்டான். அது மொட்டை மாடியில் சாய்ந்து கிடக்கிறது. மழைக்கு முன்னால் முடிவு சொல்கிறேன் என்றிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை ரெண்டு பேரும் மந்தைவெளிக்குப் போகிறோம்.