தைப்பிங் ஏரிப் பூங்கா: ஈயக் குழிகள் ஏரிகளான வரலாறு

தைப்பிங் ஏரிப் பூங்கா மலேசியாவின் பேராக் மாநிலத்தில், தைப்பிங் நகரின் ஓரத்தில், லாருட் மலை அடிவாரத்தில் உள்ளது. கைவிடப்பட்ட ஈயச் சுரங்கக் குழிகளில் நீர் நிரம்பி உருவான பத்து ஏரிகளும் குளங்களும் இதில் அடங்கும். குழந்தைகளோடும் முதியவர்களோடும் ஏரியைச் சுற்றி நடக்க வருபவர்களே இங்கு அதிகம். பாதை பெரும்பாலும் சமதளம். ஏற்றம் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. ஆனால் இந்த நீரின் கதை அவ்வளவு அமைதியானதன்று.

தண்ணீருக்காக மூண்ட சண்டை

லாருட் பகுதியில் ஈயம் கண்டெடுக்கப்பட்டது பற்றி ஒரு கதை உண்டு. லோங் ஜாபார் என்ற மலாய்த் தலைவரின் யானை காட்டுக்குள் ஓடிப்போய்த் திரும்பியபோது அதன் கால்களில் ஒட்டியிருந்த சேற்றில் ஈயமணல் இருந்தது என்பார்கள். அந்த யானையின் பெயர்தான் லாருட்டாம். யானைக் கதையை நம்புவதும் விடுவதும் அவரவர் விருப்பம். 1848ஆம் ஆண்டு வாக்கில் லோங் ஜாபார் இங்கே ஈயத்தொழிலைத் தொடங்கினார், சீனத் தொழிலாளர்களை வரவழைத்தார் என்பது வரலாறு.

அன்றைய ஈயச்சுரங்கம் பூமிக்குள் குடைந்து செல்லும் சுரங்கம் அன்று. மேல்மண்ணை வெட்டி எடுத்து, கீழே இருக்கும் ஈயமணல் படிவத்தை அடையும் திறந்த குழி அது. இப்பகுதி மலேசியாவிலேயே அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. ஆண்டுக்குச் சுமார் 4,000 மில்லிமீட்டர். குழி ஆழமாக ஆக நீர் ஊறும். அந்த நீரை இறைக்கப் பலகைகள் கோத்த சங்கிலி இறைப்பானைப் பயன்படுத்தினார்கள். அதைச் சுழற்றியது நீர்ச்சக்கரம். சக்கரம் சுழல வாய்க்காலில் நீர் வர வேண்டும். வெட்டிய மண்ணை அலசி ஈயமணலைப் பிரித்தெடுக்கவும் ஓடும் நீர் வேண்டும். குழிக்குள் நீர் வரக்கூடாது, வாய்க்காலில் நீர் நிற்கக்கூடாது. அக்கம்பக்கத்துச் சுரங்கக்காரர்கள் ஒரே ஓடையை நம்பியிருந்தால் என்ன ஆகும் என்று மாணவர்களே யோசித்துப் பார்க்கலாம்.

1861இல் அதுதான் நடந்தது. இன்றைய தைப்பிங் அப்போது கிளியான் பாவ் எனப்பட்டது. அங்கே ஹாய் சான் என்ற சீன இரகசியச் சங்கத்தினர் சுரங்கம் வெட்டினர். சற்றுத் தொலைவில், இன்றைய கமுந்திங் பகுதியான கிளியான் பாருவில் கீ ஹின் சங்கத்தினர் இருந்தனர். வாய்க்கால் யாருக்கு என்ற தகராறு அடிதடியாகி, முதலாம் லாருட் போராக வளர்ந்தது. லோங் ஜாபாரின் மகன் நிகா இப்ராகிம் ஹாய் சான் பக்கம் நின்றார். விரட்டப்பட்ட கீ ஹின்காரர்கள் பினாங்கில் பிரிட்டிஷாரிடம் முறையிட்டனர். கடைசியில் 17,447 டாலர் இழப்பீடு கொடுத்துத்தான் அந்தச் சண்டை ஓய்ந்தது. ஓய்ந்தது என்பது பெயருக்குத்தான். 1874 வரை மொத்தம் நான்கு முறை போர் மூண்டது. மற்றப் போர்களுக்கு வேறு வேறு காரணங்கள் உண்டு. ஏராளமான தொழிலாளர்கள் மாண்டனர். அவர்கள் பெயர்களை எந்த ஏடும் வைத்திருக்கவில்லை.

1874 ஜனவரி 20 அன்று பாங்கோர் உடன்படிக்கை கையெழுத்தானது. பேராக்கில் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஆட்சி வந்தது இதனால்தான் என்று பாடநூல்கள் சொல்கின்றன. அதே நாளில் சீனத் தலைவர்கள் 26 பேர் கையெழுத்திட்ட இன்னோர் ஒப்பந்தம் பற்றிப் பலரும் பேசுவதில்லை. அமைதியை மீறினால் 50,000 டாலர் தண்டம் என்றது அது. சுரங்கங்களுக்கான நீர் வழங்கல் இனி அரசு அதிகாரிகளின் கட்டுப்பாட்டில் இருக்கும் என்றும் அதில் எழுதப்பட்டது. போருக்கு வித்திட்ட காரணத்தை எழுதியவர்கள் மறக்கவில்லை. அதன்பின் ஹாய் சானுக்குக் கிளியான் பாவும் கீ ஹின்னுக்குக் கமுந்திங்கும் எனப் பிரித்துக் கொடுத்தார்கள். கிளியான் பாவ் தைப்பிங் ஆனது. சீன மொழியில் அது பேரமைதியைக் குறிக்கும் சொல்.

பூங்காவைத் தந்தவர் யார்?

ஈயம் தீர்ந்த குழிகளை விட்டுவிட்டுச் சுரங்கக்காரர்கள் நகர்ந்தார்கள். குழிகளில் மழைநீர் நிறைந்தது. 1880இல் அந்த நிலம் பொதுப் பூங்காவுக்கென ஒதுக்கப்பட்டது. யோசனை கர்னல் ராபர்ட் சாண்டிலேண்ட்ஸ் ஃப்ரவுட் வாக்கருடையது. இவர் பேராக் சீக்கியப் படையின் தளபதி. 1884இல் புல்லும் பூச்செடிகளும் மரங்களும் நடப்பட்டன.

நிலத்தைக் கொடையாகத் தந்தவர் சுரங்க முதலாளி சுங் தை பின் என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். இதை அப்படியே படியெடுப்பதற்கு முன் ஒரு கழித்தல் கணக்கு போட வேண்டும். சுங் தை பின் பிறந்தது 1879இல். 1880இல் அவர் கைக்குழந்தை! அவருடைய தந்தை சுங் கெங் குவீ ஹாய் சான் சங்கத்தின் தலைவர்; கிளியான் பாவ் சுரங்கங்களில் பெரும்புள்ளி; நீர் ஒப்பந்தம் செய்துகொண்ட தரப்பின் முதல்வர். கொடை தந்தையுடையதாக இருந்து, பிற்காலத்தில் புகழ்பெற்ற மகனின் பெயர் அதில் ஒட்டிக்கொண்டிருக்கலாம் என்பது என் ஊகம். இதேபோல் பூங்காவை வடிவமைத்தவர் சார்ல்ஸ் காம்ப்டன் ரீட் என்றும் சொல்வார்கள். அந்த நகரத் திட்டமிடுநர் பிறந்ததே 1880இல்தான், மலாயாவுக்கு வந்தது 1921இல். அவர் பங்கு இருந்தால் அது பிந்தைய மேம்பாட்டில் மட்டுமே இருக்க முடியும். இணையத்தில் படிக்கும் எந்தத் தகவலுக்கும் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

மரங்கள் நடப்பட்ட மறு ஆண்டு, 1885 ஜூன் 1 அன்று, தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் துறைமுகத்துக்கு 12.8 கிலோமீட்டர் இரயில் பாதை திறக்கப்பட்டது. மலாயாவின் முதல் இரயில் பாதை அது. ஈயத்தைக் கடலுக்குக் கொண்டு போகத்தான் போட்டார்கள். பாதை போடும் வேலைக்கு இலங்கையிலிருந்து பயனியர் படைத் தொழிலாளர்கள் வரவழைக்கப்பட்டனர். பின்னாளில் யாழ்ப்பாணத்துத் தமிழர்கள் மலாயா இரயில்வேயில் எழுத்தர்களாகவும் நிலைய அதிபர்களாகவும் நிறைந்திருந்தது பலருக்குத் தெரிந்த செய்தி.

இன்று நடப்பவர்களுக்கு

1884இல் நட்ட தூங்குமூஞ்சி மரங்கள் இப்போது சாலையைத் தாண்டி வளைந்து, கிளைகளை ஏரி நீர்வரை தாழ்த்தியிருக்கின்றன. அந்தச் சாலையில் வாகனங்களுக்கு அனுமதியில்லை. குழந்தைகளைக் கையை விட்டு நடக்கவிடலாம். தின்பண்டப் பையை மட்டும் குரங்குகளின் கண்ணில் படாமல் வைத்துக்கொள்ள வேண்டும். 1961இல் தொடங்கிய உயிரியல் பூங்கா பக்கத்திலேயே இருக்கிறது. 1883இல் நிறுவப்பட்ட பேராக் அருங்காட்சியகமும் இதே ஊரில்தான். காலையில் நடப்பது நல்லது. பிற்பகலில் மழை எத்தனை மணிக்கு வரும் என்று பந்தயம் கட்டி விளையாடியவர்கள் இந்த ஊர்க்காரர்கள், ஆகையால் குடை கட்டாயம்.

பேராக்கிலும் சிலாங்கூரிலும் வேறு பல ஈயக்குட்டைகள் பூங்கா ஆகாமல் அப்படியே கிடக்கின்றன. கரை செங்குத்தாக இறங்கும். அடியில் கால் புதையும் சேறு. மேலே பார்த்தால் குளம்போலத் தெரியும். அவற்றில் குளிக்க இறங்கிய பள்ளிப் பிள்ளைகள் பலர் உயிரிழந்திருக்கிறார்கள். தைப்பிங்கிலும் நீருக்குள் இறங்க வேண்டாம். கரையில் நின்று, எதிரே மேகம் மூடிய லாருட் மலையைக் காட்டுங்கள். சுரங்கக்காரர்களின் வாய்க்கால்களுக்கு நீர் அங்கிருந்துதான் வந்தது.