ஐந்தையும் ஒன்றாய்க் கட்டினால்: கூட்டுப் பந்தயத்தின் வரலாறும் நமக்குரிய பாடமும்

அல்லாஹ்வின் திருப்பெயரால் தொடங்குகிறோம். 

சென்ற ஐ.பி.எல். பருவத்தில் ஒருநாள் மஃரிப் தொழுகைக்குப் பின், நம்மிடம் முன்பு ஓதிய மாணவர் ஒருவர் மத்ரஸாவுக்கு வந்தார். இப்போது அவர் அறந்தாங்கியில் ஒரு கைப்பேசிக் கடையில் பணிபுரிகிறார். கையிலிருந்த கைப்பேசியைக் காட்டி, "ஹஜ்ரத், அஞ்சுல நாலு சரியா வந்துச்சு. ஒண்ணுதான் தவறிடுச்சு" என்றார்.

ஐந்து ஆட்டங்களின் முடிவுகளை ஒரே சீட்டில் சேர்த்து 100 ரூபாய் கட்டியிருந்தார். ஐந்தும் பலித்திருந்தால் 2,476 ரூபாய் கிடைத்திருக்கும். ஒன்று பிசகியதால் ஒரு காசும் இல்லை. இதனை இளைஞர்கள் 'மல்ட்டி' என்றும் 'காம்போ' என்றும் அழைக்கின்றனராம். "தம்பி, இது மைசிர் அல்லவா?" என்று கேட்டோம். "இது குருட்டு அதிர்ஷ்டம் இல்ல ஹஜ்ரத். பிட்ச், டாஸ், பவுலர் எல்லாம் பார்த்து அறிவால கணிக்கிறது. இது எப்படிச் சூதாகும்?" என்று திருப்பிக் கேட்டார்.

அவர் கேட்டது நேர்மையான வினா. நம் நாட்டின் நீதிமன்றங்களே பல்லாண்டுகள் விவாதித்த வினாவும்கூட. அதற்கு விடை காண, முதலில் கணக்கையும் பின்னர் வரலாற்றையும் பார்ப்போம்.

கூட்டிக் கட்டுவதன் கணக்கு

இரண்டு அணிகளும் சமபலம் கொண்டவை என்று வைத்துக்கொள்வோம். வெல்லும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. நியாயமான பந்தயமாயின், 100 ரூபாய் கட்டி வென்றவருக்கு 200 ரூபாய் கிடைக்க வேண்டும். ஆனால் பந்தயம் நடத்துபவர் 190 ரூபாய்தான் தருவார். எஞ்சிய 10 ரூபாய்க்குள்தான் அவருடைய வருமானம் இருக்கிறது. இவ்வகையில் கட்டப்படும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் சராசரியாக 95 ரூபாய் ஆடுபவர்களுக்குத் திரும்புகிறது. 5 ரூபாய் நடத்துபவரிடம் தங்குகிறது.

இப்போது ஐந்து ஆட்டங்களைச் சேர்த்துக் கட்டுவோம். முதல் ஆட்டத்தில் கிடைப்பது அப்படியே இரண்டாவதன் மீது கட்டப்படும். அது மூன்றாவதன் மீது. இவ்வாறே ஐந்துவரை செல்லும். 1.90 ஐ ஐந்து முறை பெருக்கினால் 24.76 வரும். அதுவே 100 ரூபாய்க்கு 2,476 ரூபாய் என்னும் கணக்கு. ஆனால் ஐந்தும் பலிக்கும் வாய்ப்பு 32 இல் ஒன்று மட்டுமே. ஆகவே நியாயமான தொகை 3,200 ரூபாய். ஒற்றைப் பந்தயத்தில் 100 க்கு 5 எடுத்துக்கொண்டவர், ஐந்தைக் கட்டியதும் ஏறத்தாழ 23 எடுத்துக்கொள்கிறார். பத்து ஆட்டங்களைக் கட்டினால் அவர் எடுப்பது 100 க்கு 40. ஆடுபவர் கண்ணுக்குப் பெரிய பரிசு மட்டுமே தெரிகிறது. ஒவ்வொரு முடிச்சிலும் அறுக்கப்படும் பங்கு தெரிவதில்லை.

"பலமான அணிகளாகப் பார்த்துத்தானே கட்டுகிறோம்" என்பர் சிலர். வெல்லும் வாய்ப்பு 100 க்கு 60 உள்ள ஐந்து அணிகளைத் தேர்ந்தாலும், ஐந்தும் ஒருசேர வெல்வது 100 முறையில் 8 முறைகூட நிகழாது. மேலும், பலமான அணிக்குத் தரும் தொகையை நடத்துபவர் அதற்கேற்பக் குறைத்தே வைத்திருப்பார். அவரிடமும் கணக்கு உண்டு. நம்மைவிட நன்றாகவே உண்டு.

இன்னொரு கணக்கும் உண்டு. சமபலமுள்ள ஐந்து ஆட்டங்களில், ஐந்தும் பலிப்பது 32 இல் ஒரு முறை. சரியாக நான்கு மட்டும் பலிப்பது 32 இல் ஐந்து முறை. அதாவது, "ஒன்றுதான் தவறிவிட்டது" என்னும் நிலை வெற்றியைவிட ஐந்து மடங்கு அதிகமாக வரும். நம் மாணவர் அதனைத் தம் திறமைக்குச் சான்றாகக் கருதினார். உண்மையில் அது இந்தச் சீட்டின் இயல்பு. தோல்வியை 'கிட்டத்தட்ட வெற்றி'யாகக் காட்டி மறுநாளும் அழைத்து வருவது அதுவே.

அறியாமைக் காலத்து அம்புகள்

மைசிர் என்னும் சொல் தொடக்கத்தில் குறித்தது ஒரு குறிப்பிட்ட ஆட்டத்தை. அறியாமைக் காலத்து அரபுகள் ஓர் ஒட்டகத்தைக் கடனாக வாங்கி அறுத்துப் பங்கிடுவர். சிலர் 28 பங்கு என்றும், சிலர் 10 பங்கு என்றும் கூறியுள்ளனர். பத்து அம்புகள் ஒரு பையில் இடப்படும். அவற்றுள் ஏழு அம்புகளுக்கு ஒன்று முதல் ஏழு வரை பங்குகள் உண்டு. முதல் அம்பின் பெயர் ஃபத்து. ஏழு பங்குடைய அம்பின் பெயர் முஅல்லா. ஏனைய மூன்றும் வெற்றம்புகள். பங்குடைய அம்பு எவருக்கு வந்ததோ அவர் இறைச்சியைப் பெறுவார். வெற்றம்பு வந்தவர்கள் ஒட்டகத்தின் விலையைச் செலுத்துவர்.

வென்றவர்கள் அந்த இறைச்சியைப் பெரும்பாலும் தாம் உண்ணாமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவர். அதனைப் பெருமையாகவும் பேசுவர். பஞ்ச காலத்தில் பசித்தவர்களுக்கு இது உணவாயிற்று. சூரா அல்பகராவின் 219 ஆம் வசனம், மதுவிலும் மைசிரிலும் மக்களுக்குச் சில பயன்கள் இருப்பதை மறுக்காமல், அவற்றின் பாவம் பயனைவிடப் பெரிது எனத் தீர்ப்பளித்தது. பின்னர் சூரா அல்மாயிதாவின் 90, 91 ஆம் வசனங்கள் அதனை முற்றாகத் தடுத்தன. பகையும் வெறுப்பும் மூள்வதும், இறைநினைவும் தொழுகையும் தவறுவதும் அங்கே காரணங்களாகச் சொல்லப்படுகின்றன.

இங்கே ஒன்றைச் சிந்திக்க வேண்டும். அந்த ஆட்டத்தில் இடையில் நின்று பங்கெடுக்கும் முதலாளி இல்லை. ஒருவர் இழந்ததை மற்றொருவர் பெற்றார், ஏழையும் உண்டார். அதுவே ஹராம் எனில், ஒவ்வொரு முடிச்சிலும் நடத்துபவர் அறுத்தெடுக்கும் ஆட்டம் எவ்வாறு ஆகுமானதாகும்?

"அறிவால் கணிக்கிறோம்" என்னும் வாதத்திற்கும் வரலாற்றில் விடையுண்டு. பாரசீகரிடம் தோற்ற ரோமர்கள் சில ஆண்டுகளில் மீண்டும் வெல்வர் என்று சூரா அர்ரூம் அறிவித்தபோது, அபூபக்ர் (ரலி) அவர்கள் மக்காவின் இணைவைப்பாளர்களிடம் அதன்மீது பந்தயம் கட்டிய செய்தி திர்மிதி முதலிய நூல்களில் இடம்பெற்றுள்ளது. அது சூது தடுக்கப்படுவதற்கு முன் நடந்தது என்று விளக்கப்பட்டுள்ளது. அறிவிப்புகளில் விவரங்கள் வேறுபடினும், வென்ற பொருளைத் தர்மம் செய்துவிடுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்ததாக விரிவுரையாளர்கள் சில அறிவிப்புகளை எடுத்துக்காட்டுகின்றனர். அபூபக்ர் (ரலி) அவர்களுக்கு இருந்தது ஊகமன்று; வஹியின் மீதான உறுதி. அத்தகைய உறுதியோடு வென்ற பொருளே தர்மத்திற்குப் போயிற்று எனில், பிட்சையும் டாஸையும் பார்த்துச் செய்யும் கணிப்பு எம்மாத்திரம்?

மார்க்கம் விளையாட்டை வெறுக்கவில்லை. மெலிவித்துப் பழக்கிய குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரையிலும், பழக்கப்படாதவற்றுக்கு ஸனிய்யாவிலிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரையிலும் நபி (ஸல்) அவர்கள் ஓட்டப்பந்தயம் நடத்தியதை இப்னு உமர் (ரலி) அறிவிக்க, புகாரி பதிவு செய்துள்ளது. ஓடுபவருக்கு ஆட்சியாளரோ மூன்றாமவரோ பரிசு வழங்கலாம். வேலிக்கு வெளியே நின்று பார்ப்பவர் தம் பொருளை இழக்கவோ பிறர் பொருளை எடுக்கவோ பணயம் வைப்பதுதான் தடுக்கப்பட்டது.

கிண்டியும் ஜாக்பாட்டும்

தமிழகத்தில் கூட்டுப் பந்தயம் வேரூன்றிய இடம் சென்னைக் கிண்டியின் குதிரைப் பந்தயத் திடல். ஆங்கிலேயர் 18 ஆம் நூற்றாண்டிலேயே அங்குக் குதிரைகளை ஓட்டினர். மெட்ராஸ் ரேஸ் கிளப் 1896 இல் அமைந்தது. எந்தக் குதிரை வெல்லும் என்று கட்டுவதோடு பந்தயம் நிற்கவில்லை. முதல் மூன்று இடங்களை வரிசைப்படி சொல்வது 'டனாலா'. மூன்று ஓட்டங்களின் வெற்றியாளர்களைச் சேர்த்துச் சொல்வது 'டிரெபிள்'. ஐந்து ஓட்டங்களின் வெற்றியாளர்களைச் சொல்வது 'ஜாக்பாட்'. ஓட்டத்திற்குப் பத்துக் குதிரைகள் எனில், ஜாக்பாட்டுக்கு ஒரு லட்சம் சேர்க்கைகள் உண்டு. அவற்றுள் ஒன்றுதான் பலிக்கும். அந்த ஒன்றின் கதை மட்டுமே ஊரெங்கும் பரவும். 'ஜாக்பாட் அடித்தது' என்னும் தொடர், பந்தயத் திடலையே பாராத நம் கிராமங்களின் பேச்சிலும் கலந்துவிட்டது அப்படித்தான்.

நம் புதுக்கோட்டை மாவட்டம் உருவான அதே 1974 ஆம் ஆண்டில், கலைஞர் கருணாநிதியின் அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் இயற்றியது. வழக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் நீண்டது. 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், குதிரையின் வேகமும் பயிற்சியும் ஓட்டுபவரின் திறனும் முடிவைத் தீர்மானிப்பதால் குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது. அதன்மீது பணம் கட்டுவது சட்டம் தடுக்கும் சூதாகாது என்று தீர்ப்பளித்தது.

நாட்டின் சட்டத்தை மதிப்பது நம் கடமை. ஆயினும் சட்டம் தண்டிக்காத அனைத்தும் ஹலாலாகிவிடுவதில்லை. நீதிமன்றத்தின் கேள்வி, இதில் திறமை மிகுமா அதிர்ஷ்டம் மிகுமா என்பது. மார்க்கத்தின் கேள்வி, இருவரும் பொருளைப் பணயம் வைத்து ஒருவர் இழப்பதால் மற்றவர் பெறுகிறாரா என்பது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதியதே நம் மாணவரின் குழப்பம்.

மூன்று நம்பர் முதல் கைப்பேசி வரை

1968 இல் அறிஞர் அண்ணாவின் அரசு பரிசுச் சீட்டைத் தொடங்கியது. 'விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு' என்னும் முழக்கத்தை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நோக்கம் நல்லதே. ஆனால் ஏழைக்குப் போன ஒட்டக இறைச்சியின் சாயல் அதில் இல்லையா? 2003 ஜனவரியில் தமிழகத்தில் லாட்டரி தடை செய்யப்பட்டது. அதன் பின்னரும் கேரள லாட்டரி முடிவின் கடைசி மூன்று எண்களை வைத்து 'மூன்று நம்பர்' மறைவாக நடக்கிறது. மூன்று இலக்கங்கள் ஒருசேரப் பொருந்த வேண்டிய இதுவும் கூட்டுப் பந்தயமே; ஆயிரத்தில் ஒன்றே பலிக்கும். 2019 டிசம்பரில் விழுப்புரத்தில் நகைத் தொழிலாளி ஒருவர் இதனால் கடனில் மூழ்கி, மனைவியும் மூன்று பெண் குழந்தைகளும் உட்படக் குடும்பமே மாண்ட செய்தி தமிழகத்தை உலுக்கியது.

இன்று திடலும் வேண்டாம். சீட்டு விற்பவரும் வேண்டாம். தமிழக அரசின் இணையச் சூதாட்டத் தடைச் சட்டம் 2022 இல் நிறைவேறி 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதலைப் பெற்றது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடுத்துச் சட்டம் இயற்றியது. எனினும் வெளிநாட்டிலிருந்து இயங்கும் தளங்கள் வேறு வேறு பெயர்களில் வந்துகொண்டே இருக்கின்றன. அரசு ஒரு வாசலை அடைக்கலாம். படுக்கையறையில் நள்ளிரவில் திறக்கும் வாசலை அடைக்க இறையச்சமும் குடும்பத்தின் கண்காணிப்பும்தான் வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை

அன்று நம் மாணவர் ஒன்றைச் சொல்லவில்லை. அவருடைய தாயாரின் இரண்டு வளையல்கள் அடகுக் கடையில் இருந்தன. சில நாட்கள் கழித்து அவரே அழுதுகொண்டு கூறினார். நாம் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. 32 கட்டங்கள் வரைந்து, ஒன்றில் மட்டும் பச்சைக் குறியிட்டு அவர் கையில் கொடுத்தோம். வெகுநேரம் அதனைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இவ்வளவுதானா ஹஜ்ரத்?" என்றார்.

இத்தகைய நிலையில் உள்ளவர்களுக்கு நாம் சொல்வது இதுதான். இழந்ததை அதே வழியில் மீட்க எண்ணாதீர்கள். அந்த எண்ணமே அடுத்த முடிச்சு. செயலியை நீக்கி, வங்கிக் கணக்கைச் சில காலம் நம்பிக்கைக்குரிய ஒருவரின் பார்வையில் வையுங்கள். கடனை மறைக்காமல் வீட்டாரிடம் சொல்லுங்கள். தவ்பா செய்யுங்கள். 'வா, சூதாடுவோம்' என்று நண்பனை அழைத்தவரே தர்மம் செய்யட்டும் என்று நபி (ஸல்) அவர்கள் பணித்ததைப் புகாரியும் முஸ்லிமும் பதிவு செய்துள்ளன. அழைப்புக்கே பரிகாரம் வேண்டுமெனில், ஆடியவர் தாமதிக்கலாமா?

பெற்றோரே, பிள்ளை ஆட்டம் பார்ப்பதைத் தடுக்காதீர்கள்; ஆட்டம் முடிந்ததும் அவன் முகம் ஏன் வாடுகிறது என்று கேளுங்கள். ஜமாஅத் பெரியவர்களே, கடனில் சிக்கிய இளைஞர் வட்டிக்காரரிடம் போகுமுன் நம் பைத்துல் மாலின் வாசலுக்கு வரத் துணியும்படி அவருடைய கண்ணியத்தைக் காப்பாற்றுங்கள்.

நம் மாணவர் இப்போது மாதந்தோறும் சிறு தொகை செலுத்தி வருகிறார். ஒரு வளையல் மீண்டுவிட்டது. இன்னொன்று இன்னும் மீளவில்லை. இன்ஷா அல்லாஹ், அதுவும் உழைத்த பணத்திலேயே மீளும். குறைவாயினும் ஹலாலான ரிஸ்க்கில்தான் பரக்கத் உண்டு. அல்லாஹ் நம் பிள்ளைகளையும் நம் இல்லங்களையும் பாதுகாப்பானாக. ஆமீன்.