கோட்டாற்றுப் பள்ளியாசிரியர்

கோயம்புத்தூரிலிருந்து மேற்கே புறப்பட்டு, ஆனைகட்டியைக் கடந்து மலைப்பாதையில் சென்றால் அகளி என்னும் ஊரை அடையலாம். கேரள நாட்டின் பாலக்காட்டு மாவட்டத்தைச் சேர்ந்த அட்டப்பாடி மலைப்பகுதியிலே உள்ளது அவ்வூர். கேரளத்து ஆறுகள் 44 என்பர். அவற்றுள் கிழக்கு நோக்கிப் பாய்பவை மூன்றே. அம்மூன்றில் ஒன்றாகிய பவானி, அட்டப்பாடி வழியாகவே தமிழகத்துக்கு வருகிறது. ஆற்றைப் போலவே மொழியும் அங்கே எல்லையைப் பொருட்படுத்துவதில்லை. இருளர், முடுகர், குறும்பர் ஆகிய பழங்குடி மக்களும், மலையாளிகளும், தமிழ் பேசுவோரும் அடுத்தடுத்து வாழ்கின்றனர். இருளர் பேச்சைச் சற்றே செவிகொடுத்துக் கேட்கும் தமிழர் எவரும் அதைத் தம் மொழிக்கு உறவென்று உடனே உணர்வர்.

சில ஆண்டுகளுக்கு முன் விடுமுறையில் அவ்வூரிலுள்ள உறவினர் இல்லத்துக்குச் சென்றிருந்தேன். அடுத்த வீட்டுத் திண்ணையில் முதிய அம்மையார் ஒருவர் தம் பேத்திக்கு ஒரு பாட்டுச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். தோட்டத்தில் மேயும் பசுவையும் துள்ளியோடும் கன்றையும் பற்றிய பாட்டு அது. நீங்களும் நானும் சிறு வயதில் பாடிய பாட்டுத்தான். அச்சிறுமி மலையாளப் பள்ளியில் படிப்பவள். தமிழ் எழுத்து அறியாள். ஆயினும் அப்பாட்டைப் பிழையின்றிப் பாடினாள். "இது யார் பாடிய பாட்டு, அம்மா?" என்று கேட்டேன். "ஆருங்க கண்டாங்க? எங்க வாத்தியாரு சொல்லிக் குடுத்ததுங்க" என்றார் அவர்.

அறியாமல் சொன்ன அச்சொல்லில் முழு உண்மையும் அடங்கியிருந்தது. அப்பாட்டை இயற்றியவரும் ஒரு வாத்தியாரே. கவிமணி என்று நாம் போற்றும் தேசிக விநாயகம் பிள்ளை அவர்கள், தம் பணி வாழ்வை ஆரம்பப் பள்ளி ஆசிரியராகத் தொடங்கியவர். கவிஞர் என்று அவரை அறிந்த அளவுக்கு ஆசிரியர் என்று நாம் அறியவில்லை. இன்று அந்த ஆசிரியரை நினைவுகூர்வோம்.

இக்காலத்துக் கன்னியாகுமரி மாவட்டம் அக்காலத்தில் திருவிதாங்கூர் அரசைச் சேர்ந்திருந்தது. அங்கே நாஞ்சில் நாட்டுத் தேரூரில், 1876-ஆம் ஆண்டு ஜூலை 27-ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் சிவதாணுப் பிள்ளை, தாயார் ஆதிலட்சுமி. ஒன்பது வயதிலேயே தந்தையை இழந்தார். பள்ளியில் அவர் கற்க நேர்ந்தது மலையாளம். தமிழோ, ஊரை அடுத்திருந்த திருவாவடுதுறை மடத்தைச் சேர்ந்த சாந்தலிங்கத் தம்பிரான் என்னும் துறவியாரிடம், பள்ளிக்கு வெளியே கிடைத்த செல்வம். பிற்காலத்தில் தமிழ்க் குழந்தைகள் அனைவர்க்கும் பாட்டளித்த பெருமகனார்க்குப் பள்ளிக்கூடம் தமிழ் தரவில்லை என்பது வியப்புக்குரியதன்றோ? அகளித் திண்ணையில் நான் கண்ட சிறுமியின் நிலையும், நூற்றுநாற்பது ஆண்டுகளுக்கு முன் அந்தத் தேரூர்ச் சிறுவனின் நிலையும் ஏறக்குறைய ஒன்றே.

ஆசிரியப் பயிற்சி முடித்தபின், நாகர்கோவிலை ஒட்டிய கோட்டாற்றில் ஆரம்பப் பள்ளி ஆசிரியராக அமர்ந்தார். பின்னர் நாகர்கோவில் போதனா முறைப் பாடசாலையிலும், அதன்பின் திருவனந்தபுரத்தில் பெண்களுக்கான கல்வி நிலையங்களிலும் பணிபுரிந்து, 1931-ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றார். பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவர், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லப் போகிறவர்களுக்கும் பாடம் சொன்னார் என்பதை மறந்துவிடலாகாது. ஒரு வகுப்பறையில் விதைத்தது பல வகுப்பறைகளில் விளைவதற்கு இதனினும் சிறந்த வழி வேறில்லை.

அவருடைய குழந்தைப் பாடல்களின் புதுமையை உணர வேண்டுமானால், அவற்றுக்கு முன் நம் சிறார் எதைக் கற்றனர் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். திண்ணைப் பள்ளியில் ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் மனப்பாடம் செய்வதே முறை. அவை அரிய நூல்கள், ஐயமில்லை. ஆயினும் அவை குழந்தையை நோக்கிப் பெரியோர் கூறும் கட்டளைகள். இதைச் செய், அதைச் செய்யாதே என்று சொல்லும் குரல் அவற்றிலே கேட்கும். கவிமணியின் பாடல்களில் கேட்பதோ குழந்தையின் குரல். காக்கையைக் கூவி அழைப்பதும், கிளியோடு பேசுவதும், கோழியையும் குஞ்சையும் வியந்து நோக்குவதும் குழந்தையே. பசுவின் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தாயும் கன்றும் கொஞ்சும் காட்சியைக் காட்டிவிட்டு அது நின்றுவிடுகிறது. ஆகவே நீயும் தாயிடம் அன்பாயிரு என்று முடிவில் ஓர் உபதேசம் இல்லை. காட்சியே பாடம் என்று விட்டுவிடும் துணிவு, பிள்ளைகளோடு பழகித் தேர்ந்த ஆசிரியர்க்கே உரியது.

சொற்களைப் பாருங்கள். பெரும்பாலும் எளிய சொற்கள். எழுத்தறியாத பிள்ளையும் இரண்டு முறை கேட்டால் மூன்றாம் முறை சேர்ந்து பாடும். அகளியில் எழுத்தே அறியாத சிறுமியின் நாவிலே அப்பாட்டு வாழ்வதற்குக் காரணம் இதுவே. எழுத்துப் போன இடத்தும் ஓசை போகாமல் காத்திருக்கிறது.

வகுப்பறைச் சுவர்களுக்குள் மட்டும் அவர் ஆசிரியராய் இருந்துவிடவில்லை. நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே மருமக்கள் வழி என்னும் உரிமை முறை நிலவிற்று. ஒருவர் தேடிய பொருள் அவர் பிள்ளைகளைச் சேராமல், சகோதரியின் மக்களைச் சேரும். கணவன் மறைந்தால் மனைவியும் மக்களும் வழியின்றித் தவிப்பர். இக்கொடுமையை அவர் வசை பொழிந்து கண்டிக்கவில்லை. அல்லற்பட்ட ஒரு பெண்ணின் வாயிலாகவே கதை சொல்லி, சிரிப்பினூடே கண்ணீரை வரவழைத்தார். அதுவே 'நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்'. முதலில் பத்திரிகைத் தொடராக வெளிவந்தது. 1926-ஆம் ஆண்டில் திருவிதாங்கூர் அரசு நாஞ்சில் நாட்டு வேளாளர்க்கெனச் சட்டம் இயற்றி அம்முறையைத் திருத்தியது. ஒரு பாட்டாலேயே சட்டம் பிறந்தது என்று கூறுதல் மிகையாகும். பலர் பல்லாண்டு முயன்றதன் பயன் அது. ஆயினும் ஊரார் மனத்தைப் பக்குவப்படுத்தியதில் அவ்வாசிரியரின் பங்கு சிறிதன்று.

ஓய்வு பெற்றபின் அவர் மனைவியார் உமையம்மையின் ஊராகிய புத்தேரியில் வாழ்ந்தார். அவர்களுக்கு மக்கட்பேறு இல்லை. தமிழ்ப் பிள்ளைகளுக்கெல்லாம் தாலாட்டும் விளையாட்டுப் பாட்டும் தந்தவர் இல்லத்தில் தொட்டில் ஆடவில்லை என்பதை எண்ணும்போது நெஞ்சம் கனக்கிறது. 1938-இல் 'மலரும் மாலையும்' என்னும் தொகுதி வெளிவந்தது. சோழர் கல்வெட்டுகளிலே வரும் காந்தளூர்ச் சாலையைப் பற்றி ஆராய்ந்து எழுதிய நூல் 1939-இல் வெளியாயிற்று. 1940-இல் சென்னையில் அவருக்குக் கவிமணி என்னும் பட்டம் வழங்கப்பெற்றது. எட்வின் ஆர்னால்டு 1879-இல் ஆங்கிலத்தில் இயற்றிய புத்தர் காவியத்தைத் தழுவி அவர் பாடிய 'ஆசிய ஜோதி' 1941-இல் வந்தது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நான் அந்நூலை எடுக்கும்போதெல்லாம் சற்று நாணமடைவதுண்டு. மூலத்தின் சொல்லை எண்ணி எண்ணி வைக்கும் என் போன்றோர் நடை எங்கே, மூலமே தமிழில்தான் தோன்றிற்றோ என மயங்கச் செய்யும் அவர் நடை எங்கே! எளிமை என்பது அவர்க்கு வகுப்பறை கற்பித்த பாடம் என்றே கருதுகிறேன்.

1954-ஆம் ஆண்டு செப்டம்பர் 26-ஆம் நாள் அவர் மறைந்தார். ஈராண்டு கழித்து, 1956 நவம்பர் முதல் நாளன்று, அவர் பிறந்த மண் தமிழ் மாநிலத்தோடு இணைந்தது. அதாவது, தம் வாழ்நாள் முழுவதையும் அவர் வேற்றுமொழி ஆட்சிமொழியாயிருந்த அரசிலேயே கழித்தார். அங்கிருந்தே அத்தனை தமிழும் பாடினார்.

அன்பர்களே, வெளிமாநிலங்களில் வாழும் நமக்கு இதிலே ஒரு செய்தி உண்டு. தில்லியில் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகள் இருக்கின்றன. வேறு சில நகரங்களிலும் தமிழ் கற்க வாய்ப்புகள் உள்ளன. ஆயினும் நம் பிள்ளைகள் பலர்க்கு அவை எட்டுவதில்லை. பள்ளியில் தமிழ் இல்லை, நாம் என்ன செய்வது என்று நாமும் கைவிரித்து விடுகிறோம். என்னையே சொல்கிறேன். பகலெல்லாம் அரசின் சுற்றறிக்கைகளைத் தமிழாக்கம் செய்துவிட்டு வீடு திரும்பும் என்னிடம், என் மகள் தன் பாட்டியின் கடிதத்தை நீட்டி, "இதைப் படித்துச் சொல்லுங்கள், அப்பா" என்பாள். அவள்மேல் என்ன குற்றம்? கற்பியாதவன் நான்.

அகளியிலிருந்து திரும்பிய அன்றிரவு அவளை அருகே அமர்த்தி அந்தப் பசுவின் பாட்டைச் சொன்னேன். சிறு பிள்ளைப் பாட்டு என்று முதலில் சிரித்தாள். மறுநாள் தானே முணுமுணுத்தாள். மூன்றாம் நாள், 'பசு' என்பதை எப்படி எழுதுவது என்று கேட்டாள். எழுதிக் காட்டினேன். தேரூர்ச் சிறுவனுக்குத் தமிழ் கிடைத்தது பள்ளிக்கூடத்தில் அன்று. அருகிலிருந்த ஒருவர் மனமுவந்து சொல்லிக் கொடுத்தார். நம் இல்லங்களில் அந்த ஒருவராக நாமே இருத்தல் கூடும். நாள்தோறும் ஒரு பாட்டு, ஒரு சொல் போதும். கோட்டாற்றுப் பள்ளியாசிரியர்க்கு நாம் செலுத்தக்கூடிய நன்றி அதுவே.