காண்பதும் கருதுவதும்

சென்னைக்கு மேற்கே, அம்பத்தூரை அடுத்துள்ள திருமுல்லைவாயிலில் மாசிலாமணீஸ்வரர் ஆலயம் இருக்கிறது. சிவாலயங்களில் நந்தி கருவறையை நோக்கி அமர்ந்திருப்பது மரபு. இங்கோ அது கருவறைக்கு முதுகு காட்டி வெளியே பார்க்கிறது. புதிதாகக் காண்பவர், சிற்பி தவறிவிட்டான் என்று எண்ணக்கூடும். ஊராரோ, தொண்டைமான் மன்னனுக்குத் துணையாகப் போருக்குப் புறப்பட்ட கோலம் அது என்பர். கல் ஒன்றுதான், கதையை அறிந்த கண்ணுக்கும் அறியாத கண்ணுக்கும் அது வேறு வேறாகி விடுகிறது.

அசையாத கல்லுக்கே இந்த நிலை என்றால், கணத்துக்குக் கணம் உருமாறும் சித்திரங்களைப் பற்றி என்ன சொல்வது? கனவில் போல ஒன்று மற்றொன்றாகும் காட்சிகளைக் கலையாக்கிய இயக்கத்தை மேலைநாட்டார் சர்ரியலிசம் என்றனர். 1924-ல் பாரிஸில் ஆந்த்ரே பிரெத்தோன் அதன் அறிக்கையை வெளியிட்டார். அரை நூற்றாண்டுக்குப் பின் அந்தக் கனவுப்பாணி கணிப்பொறிக்குள்ளும் புகுந்தது.

1974-ல் கனடா தேசியத் திரைப்பட வாரியம் 'பசி' என்னும் பொருளுடைய பெயரில் ஒரு குறும்படத்தை வெளியிட்டது. ஹங்கேரியில் பிறந்த பீட்டர் ஃபோல்டெஸ் அதன் ஆசிரியர். தொடக்க நிலையையும் இறுதி நிலையையும் ஓவியர் வரைந்து கொடுத்தால், இடைப்பட்ட நிலைகளைக் கணிப்பொறியே கணக்கிட்டு வரைந்துவிடும். இம்முறையை ஆக்கித் தந்தவர்கள் நெஸ்டர் பர்ட்னிக், மார்செலி வெய்ன் என்னும் ஆராய்ச்சியாளர்கள். கான் திரைப்பட விழாவில் நடுவர் குழுப் பரிசு பெற்ற இப்படம், ஆஸ்கர் விருதுக்கும் முன்மொழியப்பட்டது.

படத்தில் உரையாடல் இல்லை. ஒரு மனிதன் உண்கிறான். உண்ண உண்ணப் பருக்கிறான். கோடுகள் நெகிழ்ந்து ஓர் உருவம் மற்றோர் உருவமாகிறது. முடிவில், பட்டினியால் வாடிய பெருங்கூட்டம் அவனையே உணவாக்கிக் கொள்கிறது. இதன் பொருள் என்ன? பெருந்தீனிக்காரனைப் பற்றிய கேலி என்பார் ஒருவர். வளநாடுகளுக்கும் வறிய நாடுகளுக்கும் இடையேயுள்ள பிளவு என்பார் மற்றொருவர். நோன்பிருந்து பசியை அறிந்த நம் இல்லத்தாருக்கோ, பசித்திருக்கும் அண்டை வீட்டாரின் நினைவு எழும்.

அப்படியானால் யார் எதைச் சொன்னாலும் சரிதானா? இதற்கு விடை தேட, பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த பேரறிஞர் இப்னு அல்-ஹைதமிடம் நாம் செல்ல வேண்டும். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுதிய 'கிதாபுல் மனாளிர்' என்னும் நூலில், பல வண்ணம் தீட்டிய பம்பரம் சுழலும்போது ஒரே வண்ணமாகத் தெரிவதை அவர் எடுத்துக்காட்டினார். காண்பதற்கும் காலம் தேவை என்பது அவர் கண்ட உண்மை. கண் பெறுவது ஒளியும் வண்ணமுமே. அதனை இன்னதென அறிவது, முன்பு கண்டவற்றோடு ஒப்பிட்டுத் தீர்ப்பளிக்கும் உள்ளத்தின் வேலை. அத்தீர்ப்பு பிழைபடவும் கூடும். ஆகவே மேலோட்டமான பார்வையையும் ஆழ்ந்த நோக்கையும் அவர் பிரித்துக் காட்டினார். ஒளி, தூரம், காலம் உள்ளிட்ட எட்டு நிபந்தனைகள் அளவோடு அமைந்தால்தான் காட்சி பிழையற்றதாகும் என்றார்.

இதிலிருந்து நாம் பெறும் அளவுகோல் தெளிவானது. பொருள் கொள்ளும் உரிமை பார்ப்பவருக்கு உண்டு. கண்ட அனைத்துக்கும் கணக்குச் சொல்லும் கடமையும் அவருக்கு உண்டு. 'பசி'யை வெறும் கேலி என்பவர், இறுதியில் வரும் பசித்த கூட்டத்துக்குக் கணக்குச் சொல்லவில்லை. அவர் பார்த்தார், நோக்கவில்லை.

அன்று ஆராய்ச்சிக்கூடத்தில் பிறந்த அந்த வித்தை இன்று நம் பிள்ளைகளின் கைப்பேசியில் நொடிக்கு நொடி ஓடுகிறது. அதை அடியோடு தடுத்துவிடவும் இயலாது. அவர்களைத் தனியே விட்டுவிடவும் ஆகாது. அருகில் அமர்ந்து, முதலில் "என்ன கண்டாய்?" என்றும், பின்னரே "என்ன பொருள் கொண்டாய்?" என்றும் கேட்போமாக. இந்த வரிசை மாறாதிருப்பின், விந்தையான எந்தச் சித்திரமும் அவர்கள் அறிவை வளர்க்கவே செய்யும்.